விசைப்பலகையைத் தொடாமல் உதவுவது எப்படி?

கணினி ஆய்வகத்தில் பாடவேளை தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் நம் காதில் விழும் குரல் பெரும்பாலும் இதுதான்: "சார், என் புரோகிராம் ஓட மாட்டேங்குது." அந்தப் பக்கம் திரும்புவதற்குள் இன்னும் நான்கு கைகள் உயரும். மாணவர்கள் அதிகம், கணினிகள் குறைவு, நேரமோ ஒரு பாடவேளை. நாம் என்ன செய்கிறோம்? மாணவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறோம். விடுபட்ட அரைப்புள்ளி உடனே கண்ணில் படுகிறது. சுட்டியை வாங்கி, அந்த இடத்தில் சொடுக்கி, அரைப்புள்ளியை இட்டு, ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விடுகிறோம். அரை நிமிடம்கூட ஆவதில்லை.

மாணவருக்கு மகிழ்ச்சி, நமக்கும் நிம்மதி. ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: நிரல் ஓடாவிட்டால் சாரைக் கூப்பிட வேண்டும்.

இதன் விளைவைச் செய்முறைத் தேர்வில் பார்க்கிறோம். பதிவேட்டில் உள்ள நிரலை மனப்பாடமாக எழுதிவிடும் மாணவர், "1 முதல் 10 வரை என்பதை 5 முதல் 15 வரை என்று மாற்று" என்றால் திகைத்துப்போகிறார். தட்டச்சில் ஓர் எழுத்து தவறினால், எங்கே தேடுவது என்று தெரியாமல் முழு நிரலையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து அடிக்கிறார். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் எனக்கு வராது" என்ற முடிவுக்குப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வந்துவிடுகிறார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு ஆய்வகப் பாடவேளைதான் கணினியோடு பழகக் கிடைக்கும் முழு நேரம். அந்த நேரத்திலும் விசைப்பலகை நம் கைக்கு வந்துவிட்டால், அவருக்குக் கிடைப்பது வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு மட்டுமே.

நிரல் எழுதக் கற்கும் மாணவருக்கு விசைப்பலகையைத் தொடாமல் உதவுவது எப்படி, அதே முறையில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவப் பழக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பின் சி++, பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் பாடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு ஏற்ற செயல்பாடும் பின்னால் வருகிறது. படிக்க எளிதாக இருக்கும் பொருட்டு நிரல் வரிகளில் வரும் கட்டளைச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

பிழையைப் பார்க்கும் பார்வை

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி வேலை செய்யாமல் நின்றது. பொறியாளர்கள் தேடிப் பார்த்தபோது அதன் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் பணியாற்றிய குழு அது. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் பொறியாளர்களிடம் அதற்கு முன்பே இருந்தது. இப்போது உண்மையான பூச்சியே கிடைத்துவிட்டது என்பதுதான் அவர்களுக்கு வேடிக்கை. அந்த நாட்குறிப்பு இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் பிழையை ஒளிக்கவில்லை. தேதி, நேரத்தோடு பதிந்து வைத்தார்கள். நம் மாணவரின் பதிவேட்டிலோ சரியான நிரலும் சரியான வெளியீடும் மட்டுமே இருக்கின்றன. வழியில் வந்த பிழைகளுக்கு அங்கே இடமே இல்லை.

குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களுள் ஒருவர் சீமோர் பேப்பர்ட். ஒரு நிரலைப் பார்த்து 'சரியா, தவறா' என்று கேட்பதைவிட 'இதைச் சரிசெய்ய முடியுமா' என்று கேட்பதே பயன் தரும் என்பது, 1980இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் அவர் வலியுறுத்தும் கருத்து.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இடம்பெறும் ஸ்கிராட்ச் மென்பொருளில் இதை எளிதாகக் காணலாம். சதுரம் வரைய, '100 அடி நகர், 90 பாகை திரும்பு' என்பதை நான்கு முறை செய்யச் சொல்கிறோம், சதுரம் வருகிறது. முக்கோணம் வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் 60 பாகை என்று தருகிறார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்கில் படித்திருக்கிறார்கள் அல்லவா? திரையில் முக்கோணம் மூடாமல் நிற்கிறது. "120 போடு" என்று சொல்வது ஒரு நொடி வேலை. "எழுந்து வா, தரையில் முக்கோணமாக நடந்து பார். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்புகிறாய்?" என்று கேட்டால் மூன்று நிமிடம் ஆகும். நடந்து பார்த்த பிள்ளை, தான் திரும்பியது வெளிக்கோணம் என்பதைத் தானே கண்டுகொள்ளும். கணக்குப் பாடத்தில் வெறும் பெயராக இருந்த வெளிக்கோணம் அதன்பின் மறக்காது.

மூன்று கேள்விகள்

மாணவர் அழைத்தவுடன் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

1. என்ன வர வேண்டும் என்று நினைத்தாய்?
2. என்ன வந்தது?
3. எந்த வரி வரை எல்லாம் சரியாக நடந்தது என்று உறுதியாகச் சொல்வாய்?

ஓர் எடுத்துக்காட்டு. 1 முதல் 10 வரையுள்ள எண்களின் கூடுதலைக் காண ஒரு மாணவி இப்படி எழுதியிருக்கிறார்:

கூடுதல் = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 10):
    கூடுதல் = கூடுதல் + எண்
பிரிண்ட்(கூடுதல்)

திரையில் 45 என்று வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இனி உரையாடல்:

"மிஸ், விடை தப்பா வருது."
"எவ்வளவு வரணும்மா?"
"55."
"எப்படித் தெரியும்?"
"கணக்குல ஃபார்முலா இருக்கே மிஸ். 10 பெருக்கல் 11, வகுத்தல் 2."
"சரி. வந்தது எவ்வளவு?"
"45."
"அப்போ எவ்வளவு குறையுது?"
"பத்து... மிஸ், கடைசி எண்ணைச் சேர்க்கலையா?"
"சேர்ந்ததா இல்லையான்னு எப்படிப் பார்க்கலாம்?"
"மடக்குக்கு உள்ளே எண்ணையும் பிரிண்ட் பண்ணிப் பார்க்கவா?"

ரேஞ்ச்(1, 10) என்பது 9 உடன் நின்றுவிடும் என்ற செய்தியை ஆசிரியர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. எதிர்பார்த்த விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வேறுபாடே தடயமாக அமைந்தது. மேலும், வரவேண்டிய விடையை ஓட்டும் முன்பே கையால் கணக்கிட்டு வைத்திருந்ததால்தான் மாணவியால் பிழையைக் காண முடிந்தது. அதைக் கணக்கிடாதவருக்கு 45 என்ற விடையும் சரியாகவே தோன்றும். ஆகவே, நிரலை ஓட்டும் முன் எதிர்பார்க்கும் விடையைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவதை வழக்கமாக்கலாம்.

கணித ஆசிரியர்களுக்கு இம்முறை புதிதன்று. 1945இல் வெளிவந்த நூலில் கணிதமேதை ஜார்ஜ் போல்யா சொன்ன நான்கு படிகள் நாம் அறிந்தவையே: கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நிரலாக்கத்தில் நாம் மூன்றாம் படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

பிழைச் செய்தியைப் படிக்கப் பழக்குதல்

சிவப்பு எழுத்தில் செய்தி வந்ததும் மாணவர்கள் அதைப் படிக்காமலேயே நம்மைப் பார்க்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அது அந்நிய மொழியில் வரும் திட்டு போல் தோன்றுகிறது. உண்மையில் அங்கே அடிக்கடி வருபவை ஐந்தாறு செய்திகள்தாம். அவற்றை அட்டையில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டலாம்.

நேம் எரர்: இந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டு சரியா? பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறிவிட்டனவா? மதிப்புத் தரும் முன்பே பயன்படுத்திவிட்டாயா?

சின்டாக்ஸ் எரர்: இந்த வரியின் அமைப்பு புரியவில்லை. அடைப்புக்குறி, மேற்கோள்குறி, வரி இறுதியில் வரவேண்டிய முக்காற்புள்ளி ஆகியவற்றைச் சரிபார்.

இன்டென்டேஷன் எரர்: வரியின் முன்னால் விடவேண்டிய உள்தள்ளல் சரியாக இல்லை.

டைப் எரர்: ஒன்றோடொன்று சேராத வகைகளைச் சேர்க்கச் சொல்கிறாய். எண்ணையும் சரத்தையும் கூட்டினாயா?

வேல்யூ எரர்: நீ தந்த மதிப்பை மாற்ற முடியவில்லை. எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டச்சு செய்தாயா?

சீரோ டிவிஷன் எரர்: பூச்சியத்தால் வகுக்கச் சொல்கிறாய்.

இத்துடன் இரண்டு வழிகாட்டுதல்கள் போதும். பைத்தானில் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். பிழையின் பெயர் அங்கேதான் இருக்கும். அடுத்து, சுட்டப்படும் வரியோடு அதற்கு முந்தைய வரியையும் பார்க்க வேண்டும். சி++ நிரலில் ஐந்தாம் வரியில் அரைப்புள்ளி விடுபட்டால், நிரல்பெயர்ப்பி பெரும்பாலும் ஆறாம் வரியைத்தான் காட்டும். ஐந்தாம் வரி முடியவில்லை என்பது ஆறாம் வரியைப் படிக்கும்போதுதான் அதற்குத் தெரிகிறது. இதைச் சொல்லாவிட்டால், குறையே இல்லாத ஆறாம் வரியை மாணவர் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்.

பிழைக்குப் பின்னால் உள்ள எண்ணம்

அரைப்புள்ளி விடுபடுவது கைப்பிழை. அதைவிட ஆழமானது கருத்துப்பிழை. ராய் பீ என்ற ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், எந்தக் கணினி மொழியில் தொடங்கினாலும் புதியவர்களிடம் காணப்படும் தவறான எண்ணங்களைத் தொகுத்துக் காட்டினார். அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: கணினிக்குள் நம் மனத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு ஒன்று ஒளிந்திருக்கிறது.

நம் ஆய்வகத்தில் இது எப்படி வெளிப்படும்? செவ்வகத்தின் பரப்பைக் காணும் நிரலில், முதலில் நீளத்துக்கும் அகலத்துக்கும் 0 தந்துவிட்டு, 'பரப்பு = நீளம் * அகலம்' என்று எழுதி, அதன்பின் நீளத்தையும் அகலத்தையும் உள்ளீடாகப் பெறுகிறார் மாணவர். வெளியீடு 0. "நான்தான் ஃபார்முலா எழுதிட்டேனே சார்" என்கிறார். கணக்கில் சூத்திரம் எப்போதும் உண்மை; எங்கே எழுதினாலும் பொருந்தும். நிரலிலோ அந்த வரி ஒரு முறை நடந்து முடிந்துவிட்ட வேலை. நீளம் பின்னர் மாறியதற்காகப் பரப்பு தானாக மாறாது.

சமக்குறியும் அப்படியே. 'அ = அ + 1' என்பதைப் பார்த்ததும், கணக்கு நன்றாக வரும் மாணவர்தான் முதலில் குழம்புவார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாதே! வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் உள்ள பெயரின் கீழ் வை என்பதே இங்கு அதன் பொருள் என்று விளக்கும் வரை அக்குழப்பம் தீராது. அவர் தவறாக எண்ணுகிறார் என்பதைவிட, கணக்குப் பாடத்தை நன்கு நம்புகிறார் என்பதே சரி.

ஆகவே உதவி செய்பவர் தேட வேண்டியது வரியில் உள்ள பிழையோடு முடிவதில்லை. அந்த வரியை எழுத வைத்த எண்ணத்தையும் தேட வேண்டும். "இந்த வரி என்ன செய்யும்னு எனக்குச் சொல்லு" என்ற ஒரு வேண்டுகோள் அதை வெளிக்கொண்டு வந்துவிடும். சில நேரம் சொல்லும்போதே மாணவர் நிறுத்தி, "ஓ, புரிஞ்சிடுச்சு சார்" என்பார். மென்பொருள் வல்லுநர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. 1999இல் வெளிவந்த 'தி பிராக்மேட்டிக் புரோகிராமர்' என்ற நூல், மேசைமேல் உள்ள ரப்பர் வாத்துப் பொம்மையிடம் நிரலை வரிவரியாக விளக்கும் முறையைச் சொல்கிறது. நம் பிள்ளைகள் பென்சில் பெட்டியிடம் சொல்லட்டும். பக்கத்து நண்பரிடம் சொன்னால் இன்னும் நல்லது.

கணினியே இல்லாமல் தடம் பார்த்தல்

கணினி கிடைக்காத மாணவர்களைக் காத்திருக்க விடத் தேவையில்லை. நிரலைத் தாளில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு மாறிகளின் மதிப்பை இடம் மாற்றும் நிரல் இது:

வரி 1: அ = 5
வரி 2: ஆ = 8
வரி 3: அ = ஆ
வரி 4: ஆ = அ

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அ, ஆ இரண்டின் மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

வரி 1க்குப் பின்: அ 5, ஆ இல்லை
வரி 2க்குப் பின்: அ 5, ஆ 8
வரி 3க்குப் பின்: அ 8, ஆ 8
வரி 4க்குப் பின்: அ 8, ஆ 8

மூன்றாம் வரியை எழுதும்போதே 5 காணாமல் போனதை மாணவர் பார்த்துவிடுவார். ஒரு டம்ளரில் பால், ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தால் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் என்பதை அதன்பின் சொன்னால் பசுமரத்தாணியாய்ப் பதியும். முன்கூட்டியே சொன்னால் அது இன்னொரு மனப்பாடக் குறிப்பாகிவிடும்.

இதில் ஒரே விதி: எழுத வேண்டியது நடக்கும் என்று நாம் விரும்புவதை அல்ல, அந்த வரி உண்மையில் சொல்வதை. மாணவர்கள் இருவராக அமர்ந்து, ஒருவர் வரியைப் படிக்க மற்றவர் கணினியாக இருந்து மதிப்பை எழுதினால் இவ்விதி மீறப்படுவது குறையும்.

எவ்வளவு சொல்வது?

குறிப்பே தராமல் விட்டால் மாணவர் சோர்ந்துபோவார். முழுவதும் சொல்லிவிட்டால் கற்றல் நடக்காது. இடைப்பட்ட வழியைப் படிகளாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: மூன்று கேள்விகள்.
இரண்டாம் படி: இடத்தை மட்டும் சுட்டுதல். "மூணாவது வரியிலிருந்து ஆறாவது வரி வரைக்கும் இன்னொரு தடவை பாரு."
மூன்றாம் படி: ஒரு சோதனை சொல்லுதல். "மடக்குக்குள்ளே அந்த மாறியை அச்சிட்டுப் பாரு."
நான்காம் படி: அதே கருத்துள்ள வேறொரு சிறு எடுத்துக்காட்டைத் தாளில் எழுதிக் காட்டுதல்.
ஐந்தாம் படி: திருத்தத்தை வாயால் சொல்லுதல். தட்டச்சு செய்வது மாணவரே. ஓடியபின், ஏன் ஓடியது என்று அவர் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு படிக்குப் பின்னும் சற்றே விலகி நிற்பது முக்கியம். நாம் பக்கத்திலேயே நின்றால் மாணவர் திரையை விட்டுவிட்டு நம் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார். "யோசிச்சிட்டு இரு, அந்தக் கணினியைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிச் சென்று, சொன்னபடி திரும்பி வர வேண்டும். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை இருந்தால் மாணவர் முயல்வார்.

நமக்கே விடை தெரியாத பிழைகளும் வரும். அப்போதும் இதே படிகள் பயன்படும். "எனக்கும் தெரியலை, சேர்ந்து தேடலாம்" என்று ஓர் ஆசிரியர் சொல்லி, வரிவரியாகத் தேடிக் காட்டுவதைப் பார்ப்பது மாணவருக்குப் பெரிய பாடம்.

மாணவருக்கு மாணவர்

ஒரே ஆசிரியர் எல்லாக் கணினிக்கும் ஓட முடியாது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் உதவத்தான் வேண்டும். ஆனால் விதிமுறை இல்லாவிட்டால் அது இப்படித்தான் முடியும்: வகுப்பில் நன்றாகச் செய்யும் ஒருவர் எல்லாருக்கும் தட்டச்சு செய்து தருவார், மற்றவர்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். இதில் பெறுபவருக்கும் பயனில்லை. தருபவரின் ஆய்வக நேரமும் போய்விடுகிறது.

எனவே இரு தரப்புக்கும் விதிகள் வேண்டும்.

கேட்பவர்: முதலில் பிழைச் செய்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். என்ன வர வேண்டும், என்ன வந்தது, இதுவரை என்ன முயன்றேன் என்ற மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதியபின் கேட்க வேண்டும். எழுதும்போதே பாதிப் பேருக்கு வழி தெரிந்துவிடலாம். விடை கிடைத்தபின் அதே தாளில் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதுதான் அவருடைய பிழைக் குறிப்பேடு.

உதவுபவர்: கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். விசைப்பலகை, சுட்டி இரண்டையும் தொடக் கூடாது. சொல்லும் ஒவ்வொன்றும் முடிந்தவரை கேள்வியாக இருக்க வேண்டும். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லுக்கு ஆய்வகத்தில் இடமில்லை. தன் நிரலைக் காட்டி "இப்படி எழுது" என்று சொல்லக் கூடாது.

உதவுபவராக எப்போதும் முதல் மதிப்பெண் மாணவரையே நிறுத்த வேண்டியதில்லை. போன வாரம் அதே இடத்தில் தடுக்கி, தானே எழுந்தவர் பல நேரம் நல்ல உதவியாளர். எங்கே இடறும் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். வாரம் மூவர் என்று சுழற்சி முறையில் வைத்து, மெதுவாகக் கற்பவருக்கும் அவர் தேர்ந்த ஒரு பகுதியில் அப்பொறுப்பைத் தரலாம். மடக்கு வராதவர் உள்ளீடு பெறுவதில் கெட்டிக்காரராக இருப்பார். உதவி கேட்டு ஒருவர் தன்னிடம் வருவது, 'எனக்கு வராது' என்ற எண்ணத்துக்கு நல்ல மருந்து.

ஒரு கணினிக்கு இருவர் அமரும் இடங்களில் இரட்டையர் முறையைப் பின்பற்றலாம். தொழில்முறை நிரலாளர்களும் கையாளும் முறை இது. 1999இல் கென்ட் பெக் எழுதிய நூலின் வழியே பரவலாக அறியப்பட்டது. ஒருவர் தட்டச்சு செய்வார். மற்றவர் அடுத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்லி, பிழைகளைக் கவனிப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்ற வேண்டும். மணி அடிக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. இல்லையேல் துணிச்சலான பிள்ளையின் கையிலேயே சுட்டி நின்றுவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கு: கோலமும் கட்டளையும்

நிரல் எழுதும் முன்பே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். இரு குழந்தைகளை முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். ஒருவரிடம் மூன்றுக்கு மூன்று புள்ளியில் வரைந்த எளிய கோலம்; மற்றவரிடம் வெறும் புள்ளிகள். முதல் குழந்தை சொல்லச் சொல்ல, இரண்டாம் குழந்தை வரைய வேண்டும். முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறுபட்டிருந்தால் படத்தை அழித்துத் திருத்தக் கூடாது. எந்தச் சொல்லால் தவறியது என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லைத் திருத்தி மீண்டும் வரைய வேண்டும். "பக்கத்துப் புள்ளிக்குப் போ" என்றால் வலப்பக்கமா, இடப்பக்கமா? இக்கேள்வி எழும்போதே குழந்தை நிரலாக்கத்தின் முதல் பாடத்தைக் கற்றுவிடுகிறது.

கோலத்துக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ள உறவு கற்பனையன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, கோலங்களைக் கணினி இலக்கண விதிகளால் உருவாக்கிக் காட்டியது. வாசலில் பாட்டி போடும் கோலத்துக்குள் விதிகள் இருக்கின்றன என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

நாளைய பாடவேளைக்கு மூன்று பழுதான நிரல்கள்

பிழையற்ற நிரலை எழுதச் சொல்வது போலவே, பழுதான நிரலைத் தந்து சரிசெய்யச் சொல்வதும் நல்ல பயிற்சி. அது தன் பிழை இல்லை என்பதால் மாணவர் தயங்காமல் தேடுவார்.

1. மூன்று எண்களின் சராசரி: 'சராசரி = அ + ஆ + இ / 3'. உள்ளீடு 10, 20, 30. வர வேண்டியது 20, வருவது 40. வகுத்தல் முதலில் நடந்து, 30 மட்டும் மூன்றால் வகுபடுகிறது. கணக்கில் படித்த செயலிகளின் முன்னுரிமை இங்கே உயிர்பெறுகிறது.

2. இரண்டு எண்களின் கூடுதல்: இன்புட் மூலம் பெற்ற அ, ஆ இரண்டையும் அப்படியே கூட்டி அச்சிடும் பைத்தான் நிரல். உள்ளீடு 10, 20. வருவது 1020. இன்புட் தருவது சரம். சரங்களைக் கூட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். இன்ட் கொண்டு முழு எண்ணாக மாற்ற வேண்டும்.

3. காரணியம்: 'விடை = 0' என்று தொடங்கி, மடக்குக்குள் 'விடை = விடை * எண்'. எந்த எண் தந்தாலும் 0. கூட்டலுக்குத் தொடக்கம் 0 என்று பழகிய கை, பெருக்கலுக்கும் அதையே எழுதிவிடுகிறது. தொடக்கம் 1 ஆக வேண்டும்.

மூன்றையும் குழுக்களுக்குப் பகிர்ந்து, திருத்தத்தோடு 'எப்படிக் கண்டுபிடித்தோம்' என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அகமதிப்பீட்டில் பிழைக் குறிப்பேட்டுக்கும் சிறிது மதிப்பளித்தால், மாணவர்கள் பிழைகளை மறைக்காமல் எழுதத் தொடங்குவார்கள்.

தொடக்கத்தில் இம்முறை மெதுவாகவே நகரும். முதல் இரண்டு வாரங்களில் பாடம் பின்தங்குவது போலத் தோன்றலாம். மாணவர்கள் தாங்களே தேடத் தொடங்கியபின், உயரும் கைகளின் எண்ணிக்கை குறைந்து அந்த நேரம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. வரும் வாரம் ஒன்றை மட்டும் முயன்று பாருங்கள்: ஆய்வகத்துள் நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை, மாணவரின் விசைப்பலகையை ஒருமுறைகூடத் தொடாதீர்கள். வார இறுதியில், உங்கள் உதவி இல்லாமல் எத்தனை பேர் தம் பிழையைத் தாமே கண்டறிந்தார்கள் என்று எண்ணி, உங்கள் பாடக்குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.